கருகிய பவர் பிளக்: சென்னைக் குடும்பம் ஒன்று மின்சாரக் காருக்கு மாறிய 14 மாதங்கள் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில் 1998இல் கட்டிய தனி வீடு. கணவன், மனைவி, கணவரின் தாயார், பள்ளியில் படிக்கும் மகள் என நான்கு பேர். ஒற்றை ஃபேஸ் மின் இணைப்பு, அனுமதிக்கப்பட்ட லோடு 4 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி இரண்டு, ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. மெயின் போர்டில் பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியர்களே இருந்தன. எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் லைனை வெட்டும் சுவிட்ச்) எதுவும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் போர்டிகோவில் நான்கடிக்குத் தண்ணீர் நின்ற கறை சுவரில் இன்றும் தெரியும்.

காரை அதிகம் ஓட்டுபவர் மனைவி. வேலைக்குப் போய்வர நாளைக்குச் சுமார் 45 கி.மீ. வாரக்கடைசி ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 1,300 கி.மீ. பழைய பெட்ரோல் கார் நகர நெரிசலில் லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்தது. அப்போது சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102.63 ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 33 காசு.

2023 பிப்ரவரியில் மாற முடிவெடுத்தார்கள். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மின்சார வாகனக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் வரை வரிக்கழிவு தரும் வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு, 31.3.2023க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே பொருந்தியது. தமிழ்நாட்டில் சாலை வரி முழு விலக்கு, 5 சதவீத ஜிஎஸ்டி ஆகியவையும் கணக்கில் வந்தன. மார்ச் மூன்றாம் வாரம் கடன் அனுமதியானது. 40 கிலோவாட்-மணி (40 யூனிட்) எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி கொண்ட கார் ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு வந்தது.

கடனுக்கும் காருக்கும் இரண்டு மாதம் செலவழித்த குடும்பம், வீட்டு வயரிங்கைப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்கின.

முதல் இரவும் தவறான வைத்தியமும்

காருடன் வந்த கையடக்க சார்ஜரை, போர்டிகோவில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்த 15 ஆம்பியர் பவர் பிளக்கில் செருகினார்கள். சார்ஜரில் எர்த் கோளாறைக் குறிக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. அதே பிளக்கில் அயர்ன் பாக்ஸ் வேலை செய்ததால், கோளாறு சார்ஜரில்தான் என்று நினைத்தார்கள்.

அயர்ன் பாக்ஸுக்கு எர்த் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. ஃபேஸும் நியூட்ரலும் கிடைத்தால் சூடாகிவிடும். கார் சார்ஜர் அப்படியல்ல: எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் சோதித்து, திருப்தியானால்தான் மின்சாரத்தை உள்ளே விடும். ஈரத் தரையில் நிற்கும் ஒருவர் ஒன்றரை டன் உலோகத்தைத் தொடப்போகிறார் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

மறுநாள் தெருவிலிருந்த எலக்ட்ரிஷியன் வந்தார். பத்து நிமிடத்தில் சரியாயிற்று. சாக்கெட்டைக் கழற்றி, உள்ளேயே நியூட்ரல் முனையையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தார். இதை அவர் வீட்டாரிடம் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு போனது, கார் சார்ஜ் ஆனது, எல்லோரும் நிம்மதியானார்கள்.

இந்த 'லூப்' வேலை பல ஊர்களில் நடக்கிறது. இது எவ்வளவு ஆபத்து என்பதை விரித்துச் சொல்லியே ஆக வேண்டும். கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் வயர் அறுந்தால், வீட்டுக்குள் இருக்கும் நியூட்ரல் முழுவதும் 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். லூப் வழியாக அந்த வோல்டேஜ் நேராகக் காரின் உடலுக்குப் போகும். கதவைத் தொடுபவர் உடல் வழியாகத்தான் அது பூமிக்கு இறங்கும். காற்றும் மழையும் அடிக்கும் நாளில் மேல்நிலைக் கம்பி அறுவது நம் ஊரில் அபூர்வம் அல்ல. அந்த வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இருந்திருந்தால், லூப் போட்ட லைனில் லோடு ஏறியதுமே அது டிரிப் ஆகி, தவற்றைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஐந்தாவது வாரம்: பிளக் கருகியது

மே கடைசி வாரம், கத்திரி வெயில் காலம். விடியற்காலை நாலு மணிக்குச் சார்ஜ் நின்றுவிட்டது. போர்டிகோவில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. சார்ஜர் பிளக்கின் ஃபேஸ் பின்னைச் சுற்றிப் பழுப்பு வட்டம். சாக்கெட்டின் அந்தத் துளை உருகி இளகியிருந்தது. தீப்பிடிக்கவில்லை. பிளக்கில் இருந்த வெப்ப உணரி மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும்.

இம்முறை உரிமம் பெற்ற மின் மேற்பார்வையாளர் ஒருவரை அழைத்தார்கள். அவர் மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர் (வயரில் ஓடும் ஆம்பியரை அளப்பது), எர்த் மெக்கர் (எர்த் தடையை அளப்பது) மூன்றையும் கொண்டு வந்து பாதி நாள் பார்த்தார். கண்டவை:

சாக்கெட்டுக்குள் நியூட்ரல்-எர்த் லூப். அதை உடனே துண்டித்தார்.

லூப்பை எடுத்தபின் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே, லோடு இல்லாதபோது 6 வோல்ட். மோட்டார் ஓடும்போது 14 வோல்ட். சீரான வீட்டில் இது இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்கும்.

எர்த் குழியிலிருந்து வந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்து, நூல் கனத்தில்தான் பிடித்துக்கொண்டிருந்தது. எர்த் தடை 48 ஓம்.

போர்டிகோ பிளக்குக்கும் மோட்டாருக்கும் ஒரே 2.5 சதுர மி.மீ. வயர். நடுவில் டேப் சுற்றிய இணைப்பு இரண்டு இடங்களில்.

சாக்கெட்டின் ஸ்பிரிங் பிடி தளர்ந்திருந்தது. ஃபேஸ் முனையின் திருகு அரைச் சுற்று லூஸ்.

கடைசியாகச் சொன்னதுதான் கருகியதற்கு நேரடிக் காரணம். கீசர் 15 நிமிடத்தில் அணைந்துவிடும். அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டு எடுக்கும். பேட்டரி நன்றாக இறங்கியிருந்தால், கார் 13 ஆம்பியரை எட்டு, பத்து மணி நேரம் ஓய்வே இல்லாமல் இழுக்கும். லூஸான தொடுமுனையில் 0.2 ஓம் தடை இருந்தாலே, 13 × 13 × 0.2 = சுமார் 34 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்ன் ஏறக்குறைய அந்த அளவுதான். சாக்கெட்டுக்குள் இரவு முழுவதும் ஒரு சால்டரிங் அயர்னைச் சொருகி வைத்ததற்குச் சமம். போதாததற்கு, சார்ஜரின் கட்டுப்பாட்டுப் பெட்டி கீழே தொங்கி, அதன் எடை பிளக்கைச் சரிவாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

தனி லைன். மீட்டர் பெட்டியிலிருந்து போர்டிகோவுக்கு 18 மீட்டர். 6 சதுர மி.மீ. செம்பு வயர் மூன்று, பிவிசி பைப்புக்குள், வழியில் இணைப்பே இல்லாமல் இழுக்கப்பட்டது. 13 ஆம்பியருக்கு 4 சதுர மி.மீ. போதும், பின்னாளில் 7.2 கிலோவாட் சார்ஜர் வைக்க நேர்ந்தால் சுவரை மறுபடி உடைக்க வேண்டாம் என்பதற்காக 6.

பாதுகாப்பு. 20 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லிஆம்பியர் 'ஏ' வகை ஆர்சிசிபி, கூடவே 180 வோல்ட்டுக்குக் கீழும் 265 வோல்ட்டுக்கு மேலும் லைனை வெட்டும் ரிலே. கடையில் மலிவாகக் கிடைக்கும், மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் 'ஏசி' வகை ஆர்சிசிபி இதற்கு ஏற்றதல்ல. கார் சார்ஜரில் கசியும் மின்னோட்டத்தில் நேர்மின்னோட்டக் (டிசி) கூறும் கலந்திருக்கும். அதை 'ஏசி' வகை சரியாக உணராது.

புதிய எர்த். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், கரியும் உப்பும் மாறி மாறி நிரப்பிய குழி, தண்ணீர் ஊற்றப் புனல், மேலே திறந்து பார்க்கும் மூடி. சதுப்பு மண் ஈரமானது என்பதால் தடை 2.1 ஓமுக்கு இறங்கியது. மீட்டருக்கு முன்னாலிருந்த நியூட்ரல் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அது சீல் உள்ள இடம் என்பதால் ஈபி ஊழியர்களே வந்து சுத்தம் செய்து இறுக்கினார்கள். அதன்பின் முழு லோடிலும் நியூட்ரல்-எர்த் வோல்டேஜ் ஒன்றரையைத் தாண்டவில்லை.

சாக்கெட். உலோகப் பெட்டியில் கனமான 16 ஆம்பியர் சாக்கெட், தரையிலிருந்து ஐந்தடியில். உயரத்தைத் தீர்மானித்தது 2015 வெள்ளக் கறை. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தாங்கச் சுவரில் தனிக் கொக்கி.

சப் மீட்டர். கார் லைனுக்கு மட்டும் தனியாக ஒன்று. இது இல்லாமல் பின்வரும் கணக்கு எதையும் போட்டிருக்க முடியாது.

சாமான், கூலி எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜரை வைக்கச் சொல்லி வந்த யோசனையை மறுத்தார்கள். அது சரியான முடிவு. நாளைக்கு 45 கி.மீ. ஓட ஏழு யூனிட் போதும். 3 கிலோவாட் வேகத்தில் அது இரண்டரை மணி நேர வேலை. இரவு முழுவதும் கார் சும்மா நிற்கும் வீட்டில் வேகத்துக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை.

ஆனால் ஜூனில் இன்னொரு சிக்கல். இரவு பதினொரு மணிக்கு இரண்டு ஏசியும் காரும் ஒன்றாக ஓட, கிளாம்ப் மீட்டர் 29 ஆம்பியர் காட்டியது. இரண்டு முறை மீட்டர் அருகிலுள்ள ஃபியூஸ் போனது. சார்ஜ் தொடங்கும் நேரத்தை அதிகாலை இரண்டுக்குத் தள்ளியது தற்காலிக வழி. ஏசி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். லோடை 8 கிலோவாட்டாக உயர்த்தி மூன்று ஃபேஸுக்கு விண்ணப்பித்தார்கள், செப்டம்பரில் மாறியது. கட்டணமும் உள் வயரிங்கும் சேர்ந்து 21,000 ரூபாய். காருக்கு ஒரு ஃபேஸ், ஏசிகள் மற்ற இரண்டில். மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் லூஸானால் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 300க்கு மேலும் ஏறக்கூடும். கார் லைனில் ரிலே வைத்தது இங்கே கூடுதலாகப் பயன்பட்டது.

சதவீதம் சொன்ன பொய்

பேட்டரி நீடிக்கும் என்று எங்கோ படித்து, தினமும் 80 சதவீதத்தில் நிறுத்தி வந்தார்கள். ஆகஸ்டில் ஒரு மாலை, வேளச்சேரி நெரிசலில் 17 சதவீதம் காட்டிய திரை சில நிமிடங்களில் 8க்கு இறங்கியது. வீடு வந்து சேர்ந்தார்கள், ஆனால் பயந்துபோனார்கள்.

பேட்டரி பழுதாகவில்லை. எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ், நிறைவுக்கும் காலிக்கும் நடுவே பெரும்பகுதி ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். வோல்டேஜை வைத்து மீதியைக் கணிப்பது கடினம். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் கார் சதவீதம் சொல்கிறது. அந்தக் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முழுதாக நிரம்பும்போதுதான் கணக்கு நேராகும், செல்களும் சமமாகும். மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றி, நிரம்பிய பின்னும் ஒரு மணி நேரம் விட்டுவைத்தார்கள். இரண்டு தடவையில் சதவீதம் சீரானது. அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இப்படிச் செய்கிறார்கள். நிக்கல் கலந்த செல்கள் உள்ள கார்களுக்கு இந்தப் பழக்கம் பொருந்தாது. கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் ரீஜென் வசதியை முதலில் உச்ச நிலையில் வைத்திருந்தார்கள். பின்னிருக்கையில் தாயாருக்குக் குமட்டல். நகரத்துக்குள் கீழ்நிலைக்கு மாற்றியதும் நின்றது. செலவான மின்சாரத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

மின்கட்டணம்

யூனிட் 4.50 ரூபாய், ஆகவே கிலோமீட்டருக்கு 70 காசு என்று வாங்குமுன் கணக்குப் போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு. கார் எடுக்கும் யூனிட்டுகள் எப்போதும் மேல் படிகளில் போய்த்தான் உட்காரும்.

கார் வருமுன் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட். 2023இல் இருந்த கட்டணப்படி கணக்கு இது. முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25 வீதம் 225, அடுத்த 200க்கு 4.50 வீதம் 900, மீதி 20க்கு 6 வீதம் 120. மொத்தம் 1,245 ரூபாய்.

கார் வந்தபின், மழைக்கால இரண்டு மாதத்தில் 2,600 கி.மீ. ஓட்டத்துக்குச் சப் மீட்டர் 400 யூனிட் காட்டியது; மொத்தம் 820. ஐந்நூறைத் தாண்டியதும் 2.25 படி மறைந்துவிட்டது. 101 முதல் 400 வரை 1,350. அடுத்த 100க்கு 600. அடுத்த 100க்கு 8 வீதம் 800. அடுத்த 200க்கு 9 வீதம் 1,800. கடைசி 20க்கு 10 வீதம் 200. மொத்தம் 4,750. காருக்காகக் கூடியது 3,505 ரூபாய், யூனிட்டுக்கு 8.76, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 35 காசு. எதிர்பார்த்த தொகையின் ஏறக்குறைய இரு மடங்கு. அதே தூரத்துக்குப் பெட்ரோல் 19,000 ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஏசி ஓடும் கோடையில் 1,000 யூனிட்டைத் தாண்டிய பகுதி யூனிட்டுக்கு 11 ரூபாய் ஆனது; அப்போது கி.மீ. 1.70.

காரின் திரை 350 யூனிட்தான் ஏறியதாகக் காட்டியது. மீதி 50 சார்ஜரிலும் வயரிலும் வெப்பமாகப் போனது. திரையை நம்பிக் கணக்குப் போடுபவர்கள் இந்த எட்டில் ஒரு பங்கை மறந்துவிடுகிறார்கள்.

மிக்ஜாம்

2023 டிசம்பர் 2ஆம் தேதி, புயல் எச்சரிக்கை வந்ததும் காரை 90 சதவீதம் ஏற்றி, மேட்டுப் பகுதியில் உறவினர் வீட்டில் விட்டார்கள். சார்ஜரைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய், கார் லைனின் எம்சிபியை அணைத்தார்கள். 4ஆம் தேதி போர்டிகோவில் இரண்டடித் தண்ணீர். பழைய ஒன்றரை அடிச் சாக்கெட் இருந்திருந்தால் மூழ்கியிருக்கும். மின்சாரம் நான்காம் நாள் வந்தது. வந்தவுடன் காரைச் செருகாமல், லைனில் கசிவு இருக்கிறதா என்று மெக்கரால் சோதித்து, ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தபின்பே சார்ஜ் போட்டார்கள். காத்திருந்த நாட்களில் 90 சதவீதம் தாராளமாகப் போதுமாக இருந்தது.

பேட்டரிப் பெட்டி ஐபி67 (தூசும் தண்ணீரும் புகாத) தரம் உடையது என்பதை நம்பித் தண்ணீரில் ஓட்டக்கூடாது. வீல் பேரிங், இணைப்பான்கள், 12 வோல்ட் பேட்டரி ஆகியவற்றுக்கு அந்தக் காப்பு இல்லை. மூழ்கிய காரைச் சாவி போட்டுப் பார்க்காமல், நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பொங்கல் பயணம்

2024 ஜனவரி 13, சனி. புதுக்கோட்டை மாவட்டத்துச் சொந்தக் கிராமத்துக்குச் சுமார் 385 கி.மீ. அதிகாலை 4.30க்கு 100 சதவீதத்துடன் கிளம்பினார்கள். நால்வர், நிறைந்த டிக்கி, மணிக்கு 100 கி.மீ. வேகம். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே 185 கி.மீ. முடிந்தபோது 26 சதவீதம். நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட். நகரத்து அனுபவத்தை வைத்து 40 சதவீதம் மிஞ்சும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் காற்றின் எதிர்ப்புதான் பேட்டரியைத் தின்கிறது. அங்கே ரீஜென் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை.

திட்டமிட்டிருந்த சார்ஜ் நிலையத்தில் இரண்டு கன்களில் (காரில் செருகும் சார்ஜ் கைப்பிடிகளில்) ஒன்று வேலை செய்யவில்லை. முன்னால் இரண்டு கார்கள். ஒரு மணி 50 நிமிடம் காத்திருந்து, 80 வரை ஏற்ற மேலும் 55 நிமிடம். திருச்சியில் இன்னொரு 40 நிமிடம். வழக்கமாக ஏழு மணி நேரத்தில் முடியும் பயணத்துக்குப் பதினொன்று ஆனது. தாயாருக்கும் மகளுக்கும் இது கடினமான நாள்.

இங்கே தவறியது திட்டம். 26 சதவீதத்தில் ஒரே நிலையத்தை நம்பி நின்றால் வேறு வழி இல்லை. திண்டிவனம், விக்கிரவாண்டிப் பகுதியில் 50 சதவீதம் இருக்கும்போதே காலியான கன் ஒன்றைப் பார்த்து 20 நிமிடம் ஏற்றியிருந்தால், உளுந்தூர்ப்பேட்டையில் நிற்காமல் அடுத்த நிலையம் வரை போயிருக்கலாம்.

கிராமத்து வீட்டில் சார்ஜரைச் செருகினால் மறுபடியும் சிவப்பு விளக்கு. மாலையில் வோல்டேஜ் 185. உள்ளூர் எலக்ட்ரிஷியன் அதே லூப்பைப் போட முன்வந்தார். இம்முறை அது என்னவென்று குடும்பத்துக்குத் தெரியும், மறுத்துவிட்டார்கள். கையிருந்த 44 சதவீதத்தில் ஊருக்குள் ஓட்டி, திரும்பும்போது திருச்சியில் ஏற்றிக்கொண்டார்கள். 17ஆம் தேதி இரவு பதினொரு மணிக்குக் கிளம்பியதால் எங்கும் வரிசை இல்லை. பொது சார்ஜில் ஜிஎஸ்டியுடன் யூனிட் 20 ரூபாயைத் தாண்டியது, கி.மீ. சுமார் 3.60.

ஓராண்டு முடிவில்

2024 ஏப்ரல் கடைசியில் ஓட்டம் 15,600 கி.மீ. வீட்டில் ஏற்றியது 14,600 கி.மீ.க்கு, சராசரி 1.50 வீதம் 21,900 ரூபாய். வெளியில் ஏற்றியது 3,600. பழைய கார் இதற்குக் குடித்திருக்கக்கூடிய பெட்ரோல் 1,14,000 ரூபாய்க்கு. மிச்சம் ஏறக்குறைய 89,000. அதில் வயரிங்குக்கும் மூன்று ஃபேஸுக்கும் போனது 38,000. இதே மாடலின் பெட்ரோல் வடிவத்தைவிட ஐந்து லட்சம் அதிகம் கொடுத்து வாங்கிய கார். ஆகவே மாதம் 1,300 கி.மீ. ஓடும் இவர்களுக்கே விலை வித்தியாசம் திரும்பி வர ஆறு ஆண்டு ஆகும். மாதம் 500 கி.மீ. ஓட்டுபவர் பண மிச்சத்துக்காக மட்டும் மாறுவதில் அர்த்தம் இல்லை.

முன் டயர்களின் தடம் 7.5 மி.மீ.யிலிருந்து 4.5க்குத் தேய்ந்திருந்தது, பின் டயர்கள் 6. எடையும் முடுக்கு விசையும் முன் சக்கரங்களில் விழுவதால் இப்படி. இப்போது 5,000 கி.மீ.க்கு ஒரு முறை டயர்களை முன்பின் மாற்றுகிறார்கள்.

மீண்டும் செய்வதானால்

காருக்கு முன்பணம் கட்டும் வாரத்திலேயே எர்த் மெக்கருடன் ஒருவரை அழைத்து, எர்த் தடை, லோடுடன் நியூட்ரல்-எர்த் வோல்டேஜ், உச்ச ஆம்பியர் மூன்றையும் எழுதி வாங்கியிருப்பார்கள். மூன்று ஃபேஸ் விண்ணப்பமும் அப்போதே போயிருக்கும். முதல் சார்ஜின்போது அரை மணி கழித்துப் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்திருப்பார்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால் நிறுத்த வேண்டும். மின்வேலை செய்பவர் சாக்கெட்டை மூடுமுன், அதன் உள்பக்கத்தைத் தாங்களே ஒரு புகைப்படம் எடுப்பதையும் வழக்கமாக்கியிருக்கிறார்கள்.

கிராமத்து வீட்டில் மார்ச் மாதம் புதிய எர்த் குழி போட்டார்கள். சரளை மண் என்பதால் முதலில் 11 ஓம். மூன்று மீட்டர் தள்ளி இரண்டாவது பைப் இறக்கி இணைத்ததும் 5. கார் லைனுக்கு 4 சதுர மி.மீ. வயரும் ஆர்சிசிபியும் வைத்தாயிற்று. சித்திரைத் திருவிழாவுக்குப் போனபோது சார்ஜர் பச்சை விளக்கு காட்டியது. மாலை வோல்டேஜ் குறைவு தீரவில்லை. அதனால் அங்கே இரவு பத்து மணிக்கு மேல்தான் சார்ஜ் போடுகிறார்கள்.

சென்னை வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரிய மின் அமைப்புக்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியத்துக்கு ஜூனில் விண்ணப்பித்தார்கள். நாளைக்கு 12 யூனிட் வந்தாலே இரண்டு மாதத்துக்கு 720. படிக்கட்டின் மேல் படிகள் எல்லாம் அதில் கழிந்துவிடும்.